முட்டைக்கோஸ் யாருக்குக் கசக்கும்? – வாசகர் கேள்வி பதில்

சுவையும் மணமும் பரம்பரையாக வருவனவா என்ற பொருளில் கேள்வி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து வந்தவை. கும்பகோணத்தில் வசிக்கும், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

*

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி:

ஐயா, என் சின்னப் பெண்ணுக்கு ஒன்பது வயது. முட்டைக்கோஸ் பொரியலை வாயில் வைத்ததும் கசக்கிறது என்று துப்பிவிடுகிறாள். முள்ளங்கி சாம்பாருக்கும் அதே கதிதான். எனக்கோ என் கணவருக்கோ பெரியவளுக்கோ அதில் துளியும் கசப்புத் தெரிவதில்லை. ஆனால் இதே பெண் பாகற்காய்ப் பிட்லையை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். பாகற்காய் கசக்காதவளுக்குக் கோஸ் கசக்கிறது என்றால் யார் நம்புவது? எல்லாம் வீம்பு என்கிறார் என் கணவர். அவருடைய அம்மாவும் ஆயுள் முழுவதும் கோஸைத் தொட்டதில்லை.

பதில்: உங்கள் மகள் சொல்வதை நம்புங்கள் அம்மா. அவள் வாயில் கோஸ் உண்மையாகவே கசந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் கடைசியாக எழுதிய ஒரு வரிதான் இந்தக் கடிதத்தில் மிகவும் முக்கியமான வரி.

நாம் கசப்பு என்று ஒரே சொல்லால் குறிப்பதை நாக்கு ஏறத்தாழ 25 வகை ஏற்பிகளைக் கொண்டு அறிகிறது. ஏற்பி என்பது சுவை மொட்டில் உள்ள உயிரணுவின் மேல் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு உண்டு. வேப்பம்பூவின் கசப்பு, சுண்டைக்காய் வற்றலின் கசப்பு, கொய்னா மாத்திரையின் கசப்பு என்று வேதியியலில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களை இந்தப் புரதங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு பிடிக்கின்றன. கோஸ், முள்ளங்கி, நூல்கோல், கடுகு ஆகியவை ஒரே குடும்பம். அவற்றில் கந்தகம் கலந்த ஒரு வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்கும் ஏற்பியின் மரபணு டி.ஏ.எஸ்.2ஆர்.38 என்ற பெயரில் ஏழாவது குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது. பாகற்காயின் கசப்புப் பொருள்கள் வேறு இனத்தவை. அவை வேறு ஏற்பிகளைத் தொடுகின்றன. ஆகவே ஒன்றில் கூர்மையாக இருக்கும் நாக்கு மற்றொன்றில் சாதாரணமாக இருப்பதில் எந்த முரணும் இல்லை. அது போக, உங்கள் வீட்டுப் பிட்லையில் புளியும் தேங்காயும் பருப்பும் உப்பும் சேர்ந்து கசப்பை ஏற்கெனவே பாதி அடக்கியிருக்கும். உப்பிலுள்ள சோடியம் கசப்பு உணர்வைத் தணிக்கும் என்பது ஆய்வில் நிறுவப்பட்ட ஒன்று. பாகற்காயை அரிந்து உப்புப் போட்டுப் பிசிறிவைத்த நம் பாட்டிமார்கள் அதை எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்திருந்தார்கள்.

இந்த மரபணுவின் கதை தொடங்கியது ஒரு விபத்தில். 1931-ல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில், டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர் பினைல்தயோகார்பமைடு என்ற தூளை ஒரு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் காற்றில் பறந்தது. அருகிலிருந்த நோலர் என்ற சக ஆய்வாளர் வாயெல்லாம் கசக்கிறது என்று புகார் சொன்னார். தூளுக்கு இன்னும் அருகில் நின்றிருந்த ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. இருவரும் அந்தத் தூளை நாக்கில் வைத்தே பார்த்தார்கள். ஒருவருக்குக் கடும் கசப்பு, மற்றவருக்குச் சுண்ணாம்புக் கட்டியைத் தொட்டது போல ஒன்றுமில்லை. பி.டி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பொருள் அதன் பிறகு உலகம் முழுவதும் கல்லூரி ஆய்வகங்களுக்குப் போனது. கசப்பை அறிவதும் அறியாததும் குடும்பங்களில் வாரிசாக இறங்குவது விரைவிலேயே தெரிந்துவிட்டது. அதற்குக் காரணமான மரபணு எது என்று கண்டுபிடிக்க 2003 வரை ஆயிற்று. அந்தப் புரதத்தில் மூன்றே இடங்களில் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் நோலருக்கும் ஃபாக்ஸுக்கும் இருந்தது போன்ற வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம்.

நான் பட்டப்படிப்புப் படித்தபோது எங்கள் பேராசிரியர் பி.டி.சி. தோய்த்த காகிதத் துண்டுகளை வகுப்பில் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நாக்கில் வைத்த அடுத்த நொடியே எழுந்து குழாயடிக்கு ஓடினான். நான் என் துண்டை மென்றே பார்த்துவிட்டேன், வெறும் காகிதம். எனக்கு மட்டும் சாதாரணக் காகிதத்தைக் கொடுத்து என் நேர்மையைச் சோதிக்கிறார் போலும் என்று பயந்து, கேட்டபோது “ரொம்பக் கசப்பு, சார்” என்று சொல்லித் தொலைத்தேன். அன்று நான் எழுதிய விகிதக் கணக்கு அந்த ஒரு பொய்யோடுதான் குறிப்பேட்டில் இன்னமும் இருக்கிறது. அதைவிட வெட்கப்பட வேண்டியது வேறொன்று. பிற்காலத்தில் இதே பாடத்தை நான் மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில், முள்ளங்கி சாம்பார் வைக்கும் நாளில் தனக்கென்று தனியாக மிளகு ரசம் வைத்துக்கொள்ளும் என் மனைவியை நானும் வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஆய்வகத்தில் மீந்த காகிதத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை நாக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு படிகளாகக் கிடைக்கிறது: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. உங்கள் மாமியாரிடம் கசப்பை நன்கு அறியும் வடிவம் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு படி உங்கள் கணவருக்கு வந்து, அவரிடமிருந்து சின்னவளுக்கு இறங்கியிருக்கலாம். பெரியவளுக்கு அவருடைய மற்றொரு படி போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் கணவருக்கும் கசக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஒற்றைப் படி வைத்திருப்பவர்களின் கூர்மை வயதோடு மாறுகிறது. பிலடெல்ஃபியாவில் சுவை, மணம் ஆகியவற்றை மட்டுமே ஆராயும் மோனெல் மையத்தில் 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒற்றைப் படி உள்ள குழந்தைகள், அதே ஒற்றைப் படி உள்ள பெரியவர்களுக்குக் கசப்புத் தெரியத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த அளவு கசப்புப் பொருளையே கண்டுகொண்டார்கள். உங்கள் கணவரும் ஒன்பது வயதில் கோஸைத் துப்பியிருக்கலாம். மாமியாரைக் கேட்டால் நினைவு வைத்திருப்பார்.

சமைக்கும் முறையில் ஒன்று சொல்லலாம். கோஸை நெடுநேரம் மூடிவைத்து வேகவிட்டால் கந்தக வாடை மிகும். கடைசியில் தேங்காய்த் துருவலைத் தாராளமாகச் சேர்த்து, சற்று முன்னதாகவே இறக்கிப் பாருங்கள். அதிலும் பிடிக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் இலையில் வைத்து, வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். எட்டு, பத்து முறை இப்படிச் சிறிது சிறிதாகப் பழகிய பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் பலர். ஏற்காவிட்டாலும் குறையில்லை, நம் ஊரில் அவரையும் வாழைப்பூவும் கீரையும் கிடைக்காத நாளே இல்லை.

*

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்:

என் மருமகன் இரவு பத்து மணிக்குக் கள்ளிச்சொட்டுக் காபியாகக் குடித்துவிட்டுப் படுத்தவுடன் தூங்கிவிடுகிறார். எனக்கு மாலை நான்கு மணிக் காபியே இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வயதுதான் காரணமா? கசப்பான ஒன்றை நாம் ஏன் இப்படி விரும்புகிறோம்?

பதில்: வயதுக்கும் பங்கு உண்டு, ஆனால் உங்கள் கல்லீரலுக்கும் அவருடைய கல்லீரலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டும். நாம் குடிக்கும் காஃபினில் 90 விழுக்காட்டுக்கு மேல் சி.ஒய்.பி.1ஏ2 என்ற ஒரே நொதியால் சிதைக்கப்படுகிறது. அந்த நொதியின் மரபணுவில் உள்ள வேறுபாட்டால் சிலருக்கு வேலை விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் நடக்கிறது. பொதுவாகக் குடித்த காஃபினில் பாதி கழிவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கில் நான்கு மணிக் காபியில் பாதி ஒன்பது மணிக்கும் உடலில் இருக்கும். நொதி மெதுவாக வேலை செய்பவருக்கு நள்ளிரவிலும் இருக்கும். இது தவிர, மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளின் இடத்தைக் காஃபின் மறித்துக்கொள்கிறது. அந்த இடத்திலுள்ள ஏற்பியின் மரபணுவும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ஒரே அளவு காஃபின் ஒருவரைப் படபடக்கவைத்து மற்றொருவரைச் சும்மா விடுவது இதனாலும்தான். புகை பிடிப்பவர்களுக்குக் காஃபின் வேகமாகக் கழியும் என்பதும் உண்மை. மாமனாராகிய நீங்கள் அதைப் போய் மருமகனிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி சுவையானது. 2018-ல் பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வில், காஃபினின் கசப்பைக் கூர்மையாக உணரும் மரபணு வடிவம் உள்ளவர்களே காபியை அதிகமாகக் குடிப்பதாகத் தெரியவந்தது. கசப்பு அதிகம் தெரிபவர் ஒதுங்குவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அந்தக் கசப்பைத் தொடர்ந்து உடலுக்கு ஒரு சுறுசுறுப்பு வருவதை நாக்கு கற்றுக்கொள்கிறது, பிறகு கசப்பே அதன் அறிவிப்பு மணியாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது; முதல் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையிலேயே பாதித் தூக்கம் கலைந்துவிடும் ஊரில் வாழ்கிறவன் நான். (டிகிரி காபி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற வழக்குக்குள் நுழைய மாட்டேன், அதைப் பற்றி ஏற்கெனவே மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன.)

உங்களுக்கு ஒரு வழி உண்டு. காபியின் கசப்பில் காஃபினால் வருவது ஒரு சிறு பங்கே. வறுபடும்போது உண்டாகும் வேறு சேர்மங்களே பெரும்பங்கு. சிக்கரி வேரில் காஃபின் அறவே கிடையாது, ஆனால் வறுத்தால் நல்ல கசப்பும் நிறமும் கொடுக்கும். நம் நாட்டுச் சட்டப்படி காபித் தூளில் சிக்கரி 49 விழுக்காடு வரை இருக்கலாம். ஆகவே மாலைக் காபிக்கு மட்டும் சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளை அரைத்து வாங்கிக்கொண்டால் வாய்க்குக் கசப்பும் இருக்கும், இரவுக்குத் தூக்கமும் இருக்கும். காலைக் காபியில் கைவைக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

*

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்:

எனக்குத் திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது. மனைவிக்குச் சொந்த ஊர் தஞ்சாவூருக்கு மேற்கே. விரால் மீன் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவர், வீட்டில் கருவாடு வறுத்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். என் அம்மா மனம் வருந்துகிறார். மூக்கில் பிறவிக் கோளாறு ஏதும் இருக்குமா? இது மாறுமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை தம்பி; உங்கள் மனைவியின் மூக்கு மிகச் சரியாகவே வேலை செய்கிறது. கடல் மீனின் தசையில், உப்பு நீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக ஒரு சேர்மம் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். மீன் இறந்ததும் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமின் என்ற ஆவியாக மாற்றுகின்றன. நாம் மீன் நாற்றம், கவிச்சி என்று சொல்வதில் பெரும்பகுதி அதுதான். வாய்க்காலிலும் குளத்திலும் வளரும் விராலிலும் கெண்டையிலும் அந்த மூலச் சேர்மம் மிகக் குறைவு. ஆகவே அவர் பிறந்த வீட்டில் உண்ட மீனும் உங்கள் வீட்டில் வறுபடும் மீனும் மூக்கின் கணக்கில் இரண்டு வெவ்வேறு பொருள்கள்.

மூக்கில் மரபணுவின் ஆட்சி நாக்கில் இருப்பதைவிடப் பெரியது. மண ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் 1991-ல் கண்டறிந்தார்கள். 2004-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்யும் மண ஏற்பி மரபணுக்கள் சுமார் 400 இருக்கின்றன. எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் 30 விழுக்காட்டுக்கு மேல் செயலில் வேறுபடும் என்று 2014-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கூடத்தில் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரே ரசத்தை முகர்வதில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

கருவாட்டுக்கு நேராகப் பொருந்தும் ஒரு செய்தியும் உண்டு. ஐஸ்லாந்து மக்கள் 11,000-க்கும் மேற்பட்டோரிடம் சில மணங்களை முகரக் கொடுத்துச் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. டிரைமெத்திலமினைப் பிடிக்கும் டி.ஏ.ஏ.ஆர்.5 என்ற ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு மீன் நாற்றம் அருவருப்பாகத் தெரியவில்லை. சிலர் அதை உருளைக்கிழங்கு என்றும் காய்ச்சிய சர்க்கரைப் பாகு என்றும், ஏன், ரோஜா என்றும்கூடச் சொன்னார்கள். மீனை நம்பி வாழும் அந்தத் தீவில் அந்த மாற்றம் சற்றுப் பரவலாகவும், தென் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் அரிதாகவும் இருக்கிறது.

இதைப் படித்ததும் நாகப்பட்டினத்தாருக்கும் அப்படி ஒரு மரபணு இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு வழக்கில் நான் மரபணுவைவிடப் பழக்கத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வேன். உங்களுக்குக் கருவாடு பழக்கமானது பல் முளைத்த பிறகு அல்ல. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் கேரட் சாறு கொடுத்து ஆராய்ந்தபோது, பிறந்த குழந்தைகள் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன என்று மோனெல் மையத்தார் 2001-ல் எழுதினார்கள். தாய் உண்பதன் மணம் பனிக்குட நீரிலும், பிறகு தாய்ப்பாலிலும் கலக்கிறது. உங்கள் அம்மா உங்களைச் சுமந்த நாளில் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பில் உங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. உங்கள் மனைவிக்கு அந்த முன்னறிமுகம் இல்லை. ஆறு மாதம்தான் ஆகிறது.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, சில நாள் வறுப்பதை விட்டுவிட்டு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுப் புளிக்குழம்பாக வைக்கட்டும். டிரைமெத்திலமின் காரத்தன்மை கொண்டது; புளியின் அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகப் பறக்காத உப்பாகிக் குழம்பிலேயே தங்கிவிடும். வறுக்கும்போது வீடு முழுவதும் எழுகிற வாடை குழம்பில் எழாததற்கு இதுவும் ஒரு காரணம். பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்தையே குறித்தது என்பதையும் வேண்டுமானால் மனைவியிடம் சொல்லலாம். சமாதானம் ஆவாரா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

*

திருவாரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:

பச்சைக் கொத்தமல்லி எனக்குச் சோப்பு போல மணக்கிறது. தோழிகள் சிரிக்கிறார்கள்.

பதில்: கொத்தமல்லித் தழையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகளின் நெருங்கிய உறவினர்கள் சோப்பிலும் உண்டு. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த உணர்வை ஓ.ஆர்.6ஏ2 என்ற மண ஏற்பி மரபணுவின் அருகிலுள்ள ஒரு வேறுபாட்டோடு இணைத்தது. ஆனால் அந்த மரபணுவின் பங்கு சிறிதே என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதே ஆண்டு டொரன்டோ நகரில் இளைஞர்களிடம் கேட்டபோது, கொத்தமல்லியை வெறுத்தவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 விழுக்காடு, தெற்காசிய வம்சாவளியினரில் 7 விழுக்காடு. நீங்கள் அந்தச் சிறுபான்மையில் ஒருவர். தழையை அம்மியில் நசுக்கியோ மிக்ஸியில் அரைத்தோ சற்று வைத்திருந்தால் நொதிகள் அந்த ஆல்டிஹைடுகளைச் சிதைத்துவிடும். துவையலாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

*

மயிலாடுதுறையிலிருந்து ஓர் ஆசிரியை:

நாக்கின் நுனியில் இனிப்பு, பக்கங்களில் புளிப்பு, அடியில் கசப்பு என்று படம் போட்டு நடத்திவந்தோம். இப்போது அது தவறு என்கிறார்கள். அப்படியானால் நம் அறுசுவையும் தவறா?

பதில்: படம் தவறுதான். 1901-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வாளர் நாக்கின் வெவ்வேறு பகுதிகளுக்கு இடையே கூர்மையில் மிகச் சிறிய வேறுபாடு இருப்பதாக எழுதினார். பின்னாளில் பாடநூல்களில் அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகி, இங்கே இனிப்பு மட்டும், அங்கே கசப்பு மட்டும் என்று எல்லைக் கல் நட்டதுபோல் ஆகிவிட்டது. சுவை மொட்டு இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும்.

அறுசுவை வேறு வகைக் கணக்கு. இன்றைய உடலியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கோடு, 1908-ல் ஜப்பானின் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய உமாமியையும் சேர்த்து ஐந்து என்கிறது. நம் பட்டியலில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் அதில் இல்லை. மிளகாயின் காரம் சுவை மொட்டுக்குப் போவதில்லை; சூட்டையும் வலியையும் அறியும் நரம்பிலுள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியை அது தூண்டுகிறது. அதனால்தான் மிளகாய் நறுக்கிய கை எரிகிறது. கையில் ஏது சுவை மொட்டு? இந்த ஏற்பியை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. வாழைப்பூவின் துவர்ப்பு, எச்சிலில் வழுவழுப்புத் தரும் புரதங்களோடு பூவிலுள்ள டானின்கள் என்ற சேர்மங்கள் ஒட்டிக்கொள்வதால் நாக்கில் ஏற்படும் ஒரு சொரசொரப்பு. அறுசுவை வகுத்தவர்கள் உணவு வாயில் என்னென்ன செய்கிறது என்று எண்ணினார்கள். ஆய்வகத்தார் சுவை மொட்டு எதற்கெல்லாம் விடை சொல்கிறது என்று எண்ணினார்கள்.

மாணவர்களுக்குப் படத்தைவிட நல்ல பாடம் ஒன்று வேலியோரத்தில் இருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை நன்றாக மென்று நாக்கு முழுவதும் படவிட்டுத் துப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரை கொடுங்கள். ஆற்று மணலை வாயில் போட்டது போல நறநறவென்று இருக்கும்; இனிப்பு துளியும் இராது. உப்பைக் கொடுத்தால் உப்பு அப்படியே தெரியும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்பு ஏற்பியை மட்டும் அடைத்துக்கொள்கிறது; அரை மணி நேரம் போல இருந்து விலகிவிடும். அந்த ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்தது. பூனைக் குடும்பத்தில் அவற்றில் ஒன்றின் மரபணு பழுதாகிவிட்டதால் பூனைக்கு இனிப்பே தெரியாது என்று 2005-ல் கண்டார்கள். வைத்த பாயசத்தைப் பூனை நக்கிவிட்டுப் போனால் அது பாலின் கொழுப்புக்காக வந்தது என்று கொள்க. (சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்கள் இந்த இலையை விழுங்காதிருப்பது நல்லது, அது ரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது.)

*

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு விவசாயி:

சீரகச் சம்பா பயிரிடுகிறேன். ஒரு போகத்தில் மணம் தூக்குகிறது, மறு போகத்தில் இல்லை. விதை கெட்டுவிட்டதா?

பதில்: இதுவரை மனிதரின் மரபணுவைப் பற்றியே பேசினோம், உங்கள் கேள்வியில் மரபணு நெல்லில் இருக்கிறது. மண அரிசிகளின் வாசனைக்கு முதன்மையான காரணம் 2-அசெட்டைல்-1-பைரோலின் என்ற சேர்மம். ரம்பை இலையிலும் சூடான சோளப்பொரியிலும் வருவது இதுவேதான். நெல்லின் எட்டாவது குரோமோசோமில் பி.ஏ.டி.எச்.2 என்ற மரபணு ஒழுங்காக வேலை செய்தால் இந்தச் சேர்மம் சேராது. அது பழுதாகியிருந்தால் சேரும். பல மண அரிசிகளில் அந்த மரபணுவில் எட்டு எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2005-ல் கண்டறிந்தார்கள். ஒரு பழுதைத்தான் நம் முன்னோர்கள் மூக்கால் தேர்ந்தெடுத்து, விதைநெல்லாகக் கட்டிக் காத்தார்கள்.

மணம் குறைவதற்கு விதைக் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் போகத்துக்குப் போகம் மாறுகிறது என்று நீங்கள் சொல்வதால் நான் பருவத்தையே முதலில் சந்தேகிப்பேன். கதிரில் பால் பிடிக்கும் நாள்களில் வெயில் கடுமையாக இருந்தால் இந்தச் சேர்மம் குறைவாகவே சேரும். இரவு குளிர்ந்திருக்கும் தாளடியில் கூடுதலாகச் சேரும். அது எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால், அரைத்த அரிசியாக மாதக்கணக்கில் வைப்பதைவிட நெல்லாக வைத்திருந்து தேவைக்கு அரைப்பது நல்லது.

*

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி:

என் மாமனாருக்கு 78 வயது. ஆறு மாதமாக எதைச் சமைத்தாலும் சப்பென்று இருக்கிறது என்கிறார். உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். என் சமையல் மாறவில்லை. இதுவும் மரபணுவா?

பதில்: இது மரபணு அல்ல அம்மா, உங்கள் சமையலும் அல்ல. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். வயது ஏற ஏற மணம் அறியும் நரம்பணுக்கள் புதுப்பிக்கப்படுவது குறைகிறது. சைனஸ் தொல்லை, சில மருந்துகள், கொரோனா போன்ற தொற்றுகள் ஆகியவையும் மணத்தைக் கெடுக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, காபித் தூள், பெருங்காயம், உரித்த ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகில் காட்டி என்னவென்று கேளுங்கள். பிறகு நாக்கில் கொஞ்சம் சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் வைத்துக் கேளுங்கள். பின்னவை தெரிந்து முன்னவை தெரியாவிட்டால் குறை மூக்கில் இருக்கிறது. அப்படியானால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போவது அவசியம். பார்க்கின்சன் போன்ற சில நரம்பு நோய்கள் கை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே மணக் குறைவாகத் தலைகாட்டுவதுண்டு. எல்லாருக்கும் அப்படி என்று பயப்பட வேண்டாம், காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

உப்புக் கிண்ணத்தை இலைக்கு அருகிலிருந்து எடுத்துவிட்டு, எலுமிச்சையும் மிளகும் இஞ்சியும் கூட்டிப் பாருங்கள். புளிப்பும் காரமும் மூக்கை நம்பியிருப்பவை அல்ல. இன்னொன்றை இன்றே செய்யுங்கள். சமையல் எரிவாயுவுக்கு இயற்கையாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். உங்கள் மாமனாரின் மூக்குக்கு அது எட்டாது. பகலில் அவர் தனியாக இருந்து தானே காபி போட்டுக்கொள்கிறவராக இருந்தால், காலையில் காபியைப் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்துவிட்டு, நீங்கள் வெளியே கிளம்பும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள்.